கேட்டுக்கு நடுவே ஓர் ஆக்சென்ட்

“கேட்டுக்கு நடுவுலயே நிறுத்திடுங்க சேட்டா. உள்ளே எல்லாம் சரிவு, ஜாக்கி நிக்காது” என்றாள் ஜிஸ்மி.

எல்தோஸ் தன் ஆக்சென்ட் காரை அவள் காட்டிய இடத்தில் நிறுத்தினான். இருபது வருடம் ஓடிக் களைத்த அந்த வண்டிக்குச் சிட்டி கார் வீல் போட்டு அழகு பார்க்க வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை. இந்த நேரியமங்கலத்துப் பெண் தன் சிட்டிக்குப் பெரிய வீல் மாட்டிவிட்டு, கழற்றியதை விற்கப்போவதாக விளம்பரம் போட்டிருந்தாள். ஞாயிறு நாலு மணிக்கு வாருங்கள், இங்கேயே மாட்டிக்கொண்டு போகலாம் என்று சொன்னதும் அவள்தான்.

மதிலோரம் சாய்த்து வைத்திருந்த வீல்களில் ஒரு கீறல் இல்லை. ஜிஸ்மியும் பட்டுச் சேலை, ஜிமிக்கி என்று பளிச்சென்றுதான் இருந்தாள். ஏதாவது ஞானஸ்நான விருந்துக்குப் போய்வந்திருப்பாள் என்று எல்தோஸ் நினைத்துக்கொண்டான்.

“போல்ட்டு அளவு ரெண்டு வண்டிக்கும் ஒண்ணுதான். நடு ஓட்டைதான் கொஞ்சம் பெரிசு. அதுக்கு வளையம் கொண்டு வந்திருக்கேன்” என்றான் பெருமையாக.

“நட்டு?”

“என் வண்டி நட்டே போதுமே!”

“நல்லா இருக்கே! உங்க நட்டு முகம் கூம்பு. இந்த வீலுக்கு உருண்டை முகம் வேணும். இதைப் போட்டு முறுக்கினா இறுகின மாதிரிதான் தெரியும். மூணாறு இறக்கத்துல வீல் உங்களை முந்திக்கிட்டுப் போகும்.”

எல்தோஸ் தன் வண்டியை விட்டு ஓரடி தள்ளி நின்றான்.

“பயப்படாதீங்க, எங்கிட்ட இதோட நட்டு இருக்கு. முதல்ல நாலு வீலையும் கழட்டுங்க.”

“நாலையும் ஒரேயடியாவா? ஒண்ணொண்ணா மாத்திக்கலாமே?”

“வளையம் எல்லாத்துலயும் சரியா உக்காருதான்னு பாக்க வேண்டாமா? கழட்டுங்க சேட்டா.”

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளே கட்டைகளை முட்டுக் கொடுத்தாள். சற்று நேரத்தில் ஆக்சென்ட் கால் இல்லாமல் கட்டைகள்மேல் உட்கார்ந்துவிட்டது. நட்டு எடுக்க வீட்டுக்குள் போனவள் வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

“இங்கதான் எங்கேயோ வெச்சேன்...” மறுபடி போனாள். மறுபடியும் வெறுங்கை. அடுக்களையிலிருந்து கட்லெட் பொரிக்கும் வாசனை மட்டும் வந்தது.

அப்போது ஒரு ஸ்கூட்டர் வந்து, ஆக்சென்ட்டின் பம்பரில் மோதாத குறையாக நின்றது. ஜிஸ்மியின் அப்பா பைலி. அவருக்குப் பின்னால் ஒரு பெரிய வெள்ளைக் கார்.

“எவன்டா வாசல்ல கடை விரிச்சிருக்கிறது? எடுடா வண்டியை! கனடாப் பையன் வீட்டுக்காரங்க பொண்ணு பாக்க வந்திருக்காங்க!”

“எடுக்க முடியாதுங்க” என்றான் எல்தோஸ் ஈனக்குரலில். “வீல் இல்லை.”

வெள்ளைக் காரிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா இறங்கினாள். மாப்பிள்ளை உள்ளே போனைத் தடவிக்கொண்டிருந்தான்.

“பொண்ணு எங்கே?”

ஆக்சென்ட்டுக்குப் பின்னாலிருந்து ஜிஸ்மி எழுந்தாள். கன்னத்தில் கிரீஸ், கையில் ஸ்பானர்.

“போன்லயே சொன்னேனே பைலிச் சேட்டா, இந்த வண்டி நோண்டுற பழக்கமெல்லாம் எங்க குடும்பத்துக்கு ஆகாதுன்னு? அதையெல்லாம் எப்பவோ விட்டுட்டான்னு சத்தியம் பண்ணீங்களே!”

ஜிஸ்மி தலையைக் குனிந்துகொண்டாள். எல்தோஸுக்குப் பொறுக்கவில்லை.

“அவங்க மேல தப்பில்லை ஆன்ட்டி. நட்டு இல்லாம நான்தான் மாட்டிக்கிட்டேன். பாவம், உதவி பண்ண வந்தாங்க.”

“நீ யாரு?”

“நான்... வீல் வாங்க வந்தவன்.”

“வாங்க வந்தவன் இருந்ததையும் கழட்டிப் போட்டுட்டு உக்காந்திருக்கான். கேட்டுக்கிட்டியாடா மோனே?” அந்த அம்மாள் காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள். வந்த வழியே பின்னோக்கிப் போனது வெள்ளைக் கார்.

பைலி எல்தோஸை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். பிறகு மதிலுக்கும் காருக்கும் இடையில் வயிற்றை எக்கி நுழைந்து, வீட்டுக்குள் போனார்.

எல்தோஸுக்கு அழுகை வராத குறை. நாலு வீலுக்கு ஆசைப்பட்டு ஒரு பெண்ணின் வாழ்க்கையையே கெடுத்துவிட்டோமே!

ஜிஸ்மி உள்ளே போன வேகத்தில் நட்டுப் பொட்டலத்தோடு வந்தாள். இருவரும் சேர்ந்து மாட்டினார்கள். வீல்கள் இந்த வண்டிக்கென்றே செய்ததுபோல் கச்சிதமாகப் பொருந்தின. அவனுக்குத்தான் நிமிர்ந்து பார்க்கவே பிடிக்கவில்லை.

“அவங்க நம்பர் குடுங்க” என்றான் கடைசியில். “நேர்ல போய், கால்ல விழுந்தாவது எடுத்துச் சொல்றேன். உங்க கல்யாணம் என்னால நின்னுபோகக் கூடாது.”

ஜிஸ்மி கடைசி நட்டை இறுக்கினாள். செருகிய சேலையை இறக்கிவிட்டு, உள்வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டு, மெல்லச் சொன்னாள்:

“அடுத்த ஞாயிறு துபாய்ப் பையன் வர்றான். பழைய வீலை மாட்டிக்கிட்டு வந்துடுங்க சேட்டா.”