தென்கரைக்கு ஒரு டிக்கெட்

"அங்கெல்லாம் யாரும் போறதில்லம்மா! ஏதென்ஸோட நிறுத்திக்குங்க."

கருணாகரன் தேசப்படத்தை மேஜைமேல் விரித்தான். பாண்டி பஜாரில் இருந்த அந்தப் பயண ஏஜென்சியில் அவனுக்கு ஆறு வருட சர்வீஸ். லண்டனுக்கும் சிங்கப்பூருக்கும் கேட்டு வருவார்கள். கிரேக்கத் தீவு ஒன்றின் யாரும் போகாத தென்கரைக்கு வழி கேட்டு வந்த முதல் ஆள், எதிரே உட்கார்ந்திருந்த தங்கபுஷ்பம்தான். உஸ்மான் ரோட்டில் ஜவுளிக்கடை நடத்துகிறவள். வயது ஐம்பத்தெட்டு.

"ஏதென்ஸ்ல எனக்கு என்ன சோலி, தம்பி? இங்க போகணும்." படத்தின் அடி ஓரத்தில் விரலை ஊன்றினாள்.

"இங்கே ரோடே கிடையாதும்மா. அப்படியே கடலுக்குள்ள எறங்குற மலை. பஸ் நிக்கிற ஊர்லேர்ந்து எட்டு மைல் கழுதைப் பாதை. படகுல போகலாம்னா, நவம்பர் காத்து விடாது."

"நடந்துக்கிடுவேன். மூணு மாசமா தினமும் விடியக்காலம் பரங்கிமலைப் படி ஏறி இறங்குதேன்."

"இப்பத்தானே முழங்கால் வலின்னு சொன்னீங்க?"

"வலிக்கத்தான் செய்யுது. அதுக்காக வீட்லயே இருந்துர முடியுமா?"

"ஜூன்ல போங்களேன். கடல் அமைதியா இருக்கும்."

"அந்தக் கரையில கப்பல் உடைஞ்சது நவம்பர் பதினாறு, தம்பி. இது மூணாவது வருஷம். அன்னைக்கு அங்க இருக்கிற கல்லறைகிட்ட நான் நிக்கணும்."

கருணாகரனின் குரல் தாழ்ந்தது.

"அந்தக் கப்பல்ல... உங்க மகனா?"

"ஆமா. எஞ்சின் ரூம்ல வேலை பாத்தான்."

"மன்னிச்சிடுங்கம்மா, தெரியாமப் பேசிட்டேன். பெத்தவங்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும்."

"பெத்தவளுக்குத்தான் தெரியும்," என்றாள் தங்கபுஷ்பம். "அத நெனச்சு எனக்கு மூணு வருஷமா ஒழுங்காத் தூக்கமில்ல."

அதற்குமேல் அவன் தடுக்கவில்லை. பம்பாயிலிருந்து விமானம், ஏதென்ஸிலிருந்து தீவுக்குக் கப்பல் என்று வரிசையாக எழுதினான். கழுதைக்கும் வழிகாட்டிக்கும் ஏற்பாடு செய்யச் சொல்லி, பஸ் நிற்கும் ஊரின் பாதிரியாருக்குத் தானே ஒரு கடிதமும் டைப் அடித்துக் கொடுத்தான்.

அவள் எழுந்துகொண்டபோது கதவைத் தள்ளிக்கொண்டு ஓர் இளைஞன் உள்ளே வந்தான். இடது காலை லேசாக இழுத்து நடந்தான்.

"முடிஞ்சுதாம்மா? வண்டி வாசல்ல நிக்குது."

கருணாகரன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என் மகன் ராஜரத்தினம்," என்றாள் தங்கபுஷ்பம். "இவன அலையிலேருந்து இழுத்துக் கரையில போட்டுட்டு, அந்த ஊர் மீன்காரப் பிள்ளை முங்கிப்போயிட்டான், தம்பி. அவனப் பெத்தவ அங்க தனியா இருக்கா."