வாற சனிக்கிழமை

கிட்ட வந்து இருங்கள், என் குஞ்சுகளே. சின்னக் கதைதான். கையில் இருக்கிற தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

அவன் ஒற்றைக்காலில் நின்றான்.

கண் இரண்டும் மூடியிருக்க வேண்டும். கை இரண்டும் இடுப்பில். முன்னால் வைத்தியர்.

தலைக்கு மேலே சிட்னியின் மேற்குப் புறநகர் மைதானம் ஒன்று இரைந்துகொண்டிருந்தது. பார்வையாளர் படிகளுக்குக் கீழே இருக்கிற சின்ன அறை அது. ரக்பி லீக் ஆட்டத்தில் தலையில் அடிபட்டவனை அங்கேதான் கூட்டி வருவார்கள்.

பந்தோடு ஓடி வருகிறவனை மறித்து விழுத்துவதுதான் அவன் வேலை. இன்றும் ஒருவனை விழுத்தினான். அந்த ஆளின் முழங்கால் இவன் காதுக்கு மேலே வந்து பட்டது.

புல் குளிராக இருந்தது. அதுவரைக்கும் ஞாபகம் இருக்கிறது.

சம்பளத்துக்கு ஆட வந்த முதல் வருடம். இன்னும் இரண்டாம் அணியில்தான் இருக்கிறான். காலையில் பயிற்சியாளர் தோளில் கை போட்டுச் சொன்னார்: பெரிய அணியில் ஒருவனுக்குக் கை முறிந்துவிட்டது. இன்று ஒழுங்காக ஆடு, வருகிற சனிக்கிழமை அந்த இடம் உனக்கு.

இந்த அறையில் தவறினால் சனிக்கிழமை இல்லை. தலையில் அடிபட்டவனுக்கு ஓய்வு கட்டாயம். அந்த இடத்துக்கு வேறொருவன் சப்பாத்துக் கட்டிக்கொண்டு நிற்பான்.

கால் ஆடியது. ஊன்றிவிட்டான். மறுபடி தூக்கினான்.

வைத்தியர் சில சொற்களைச் சொன்னார். திருப்பிச் சொல்லச் சொன்னார்.

பாதிதான் வந்தன.

மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார். டிசம்பர். நவம்பர். ஒக்ரோபர்.

அதற்கு அங்கால் வெறும் வெள்ளை.

ஆனாலும் அவனுக்குப் பயம் வரவில்லை. ஏன் என்று கேளுங்கள்.

போட்டிகள் தொடங்குமுன்னம், எல்லாருக்கும் தலை நல்லாயிருக்கும்போதே, இதே சோதனையை ஒரு தரம் வைப்பார்கள். அவனவனுக்கு அதுதான் அளவு. பிறகு அடிபட்டால் அதோடுதான் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அன்றைக்கு உடை மாற்றுகிற இடத்தில் மூத்த ஆட்டக்காரன் ஒருவன் இவன் காதுக்குள் சொன்னான்: கெட்டித்தனத்தைக் காட்டாதே. தெரிந்ததையும் தெரியாத மாதிரிச் சொல். பிறகு உதவும்.

பள்ளிக்கூடத்தில் கணக்குக்குப் பரிசு வாங்கின பிள்ளை. அன்று பாதிச் சொற்களை விழுங்கினான். வேண்டுமென்றே காலைத் தள்ளாட விட்டான். வெளியே வந்து இரண்டு பேருமாகச் சிரித்தார்கள்.

வைத்தியர் கணினித் திரையில் அவனுடைய அன்றைய அளவைப் பார்த்தார். இவனைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கிறாய், போகலாம், என்றார்.

கதவடியில் பயிற்சியாளர் நின்றார். பெருவிரலை உயர்த்தினார்.

வெளியே தூறல். அம்மா காருக்குள் இருந்தாள். ஒரு ஆட்டத்தையும் தவற விடமாட்டாள். ஒரு ஆட்டத்தையும் முழுதாகப் பார்த்ததுமில்லை, விரல் இடுக்கால்தான் பார்ப்பாள். மடியில், அவனுக்கென்று பொரித்து ஈயத்தாளில் சுற்றின ரோல்ஸ்.

"தலை இடிபட்டதெல்லே? உண்மையைச் சொல்லு தம்பி."

"ஒண்டுமில்லை அம்மா. டொக்டர் பாத்திட்டார். பாஸ்."

"பின்ன. உன்ர மண்டை தேங்காயெல்லே. அடிச்சவனைத்தான் போய்ப் பாக்கவேணும்."

சிரித்தான். பெல்டைப் போட்டான். பிறகு சொன்னான்.

"அம்மா, வாற சனிக்கிழமை பெரிய டீமில நான்."

அம்மா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுதாள். அழுது முடியுமுன்னமே தங்கச்சிக்குப் போன் எடுத்தாள். "வதனி, உன்ர பெறாமகன் டிவியில வரப்போறான்." ஸ்பீக்கரில் சித்தி சொன்னாள்: "மூக்கு நேரா இருக்கேக்கயே ஒரு படம் எடுத்து வையக்கா." மூன்று பேரும் சிரித்தார்கள்.

கார் வெளிக்கிட்டது.

வைப்பர் போய் வந்தது. போய் வந்தது.

சிவப்பு விளக்கு.

இடப்பக்கம் திரும்பினால் வீடு. நேரே போனால் பெரியாஸ்பத்திரி. அம்மா இடப்பக்கம் சிக்னல் போட்டிருந்தாள். டிக். டிக்.

அவன் தன் கையைப் பார்த்தான். பாதி தின்ற ரோல்ஸ் ஒன்று இருந்தது. இதை எப்போது எடுத்தான்?

நெஞ்சுக்குள் ஒன்று பொங்கிக்கொண்டு வந்தது. அட, இன்னும் அம்மாவுக்குச் சொல்லவில்லையே. இவ்வளவு நேரம் எப்படிப் பொத்தி வைத்திருந்தான். சொன்னதும் அழுவாள். வதனிச் சித்திக்குப் போன் எடுப்பாள்.

"அம்மா," என்றான். "வாற சனிக்கிழமை பெரிய டீமில நான்."

அம்மா திரும்பிப் பார்த்தாள்.

அழவில்லை. போனையும் எடுக்கவில்லை.

அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. இந்த ஒரு சொல்லுக்காகத்தானே விடியற்காலைகளில் பயிற்சிக்குக் கொண்டுபோய் விட்டவள். கேட்கவில்லையோ. இன்னொரு தரம் சொல்ல வாயெடுத்தான்.

பச்சை விழுந்தது. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.

டிக் டிக் நின்றது.

"வீடு இந்தப் பக்கமெல்லோ அம்மா?"

அம்மா ஒரு கையால் அவன் தலையை, அந்தக் காதுக்கு மேலே, பொத்திப் பிடித்துக்கொண்டாள். மற்றக் கையால் ஓட்டினாள். கார் நேரே போனது.

என் குஞ்சுகளே, உங்கள் வீடுகளுக்கு நல்ல செய்தி நிறைய வரட்டும். வருகிற ஒவ்வொன்றையும் உங்கள் பிள்ளைகள் ஒரே ஒரு தரம் சொல்லட்டும்.