மூன்றாவது பெயர்

"என் தலையில மண்ணள்ளிப் போடுறதுக்குன்னே அந்த மனுஷன் புஸ்தகம் எழுதியிருக்காரு!" என்று பொரிந்து தள்ளினாள் டெனீஸ்.

"போய் நேர்லயே கேளேன்டி. இங்க காபியை ஆற வச்சு என்ன புண்ணியம்?" என்றாள் பேருந்துக் கொட்டகையில் கூட வேலை பார்க்கும் கோனி.

டெனீஸ் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு ஒன்பது வருடமாக வாடகைக்கு எடுத்த டிரெய்லர் வீட்டில், தகரப் பெட்டி மாதிரியான ஒன்றில், குடித்தனம். மழை பெய்தால் உள்ளே மூன்று வாளி வைக்க வேண்டும். இப்போதுதான் மில் ரோட்டில் காலியாகக் கிடந்த பழைய மர வீட்டுக்கு, அரசாங்கம் பொறுப்பேற்றுத் தருகிற கிராமப்புற வீட்டுக் கடன் கிடைக்கிற மாதிரி இருந்தது. முன்பணம் வேண்டாம். ஒரே நிபந்தனை, வாங்கின இரண்டு மாதத்துக்குள் ஜன்னல்களை மாற்றி, ஈயம் கலந்த பழைய பெயின்ட்டை ஓர் இடம் விடாமல் சுரண்டிப் புதிதாக அடித்து, கடன் ஆபீஸ் இன்ஸ்பெக்டரிடம் காட்ட வேண்டும்.

குறுக்கே வந்தது சரித்திரம்.

மெர்ல் டெக்கர் முப்பது வருடம் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவர். டோலிவர் கவுண்டி என்கிற அந்த மாவட்டத்தின் சரித்திரத்தை நானூறு பக்கத்துக்கு எழுதியிருந்தார். முதல் அத்தியாயமே அந்த வீடுதான். கவுண்டியின் முதல் நீதிமன்றம் 1821இல் அந்த வீட்டுக் கூடத்தில்தான் கூடியது என்று அடித்துச் சொல்லியிருந்தார். சொந்தக்காரர் வெளியூர் என்பதால் வீட்டுச் சாவிகூட டெக்கரிடம்தான் இருந்தது. அந்தப் புத்தகத்தை நம்பி, வீட்டைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்க கவுண்டிக் குழு செவ்வாய்க்கிழமை கூடப்போகிறது. அறிவித்துவிட்டால் ஜன்னல் என்ன, ஓர் ஆணியைக்கூட மாற்ற முடியாது. கடன் அம்பேல்.

அன்று சாயங்காலமே டெக்கர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"டெக்கர் சார், அந்த வீட்டைப் பத்தி உறுதியாத் தெரியாதுன்னு குழுவுல ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்களுக்கு என்ன குறைஞ்சிடப் போகுது?"

"உறுதியாத் தெரியுமேம்மா."

"எனக்கு ரெண்டு பொண்ணுங்க சார். மழை பெஞ்சா கட்டிலை இழுத்துக்கிட்டு அலையுறோம்."

"யாருக்காகவும் நான் பொய் எழுதினதில்லைம்மா" என்றார் டெக்கர். கதவைச் சாத்திக்கொண்டார்.

கல்நெஞ்சுக்காரன் என்று வாய்விட்டே திட்டிக்கொண்டு திரும்பினாள் டெனீஸ்.

செவ்வாய்க்கிழமை காலையில் குழு போய் வீட்டைச் சுற்றிப் பார்த்தது. மாலையில் கூட்டம். டெக்கர் எழுந்தார். தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டே, "அந்த வீட்டு விஷயத்துல நான் தப்பு பண்ணிட்டேன். கோர்ட் நடந்தது வேற எங்கயோ. ஆதாரம் இல்லாம எழுதிட்டேன்" என்றார்.

பின் வரிசையில் ஒருவர், "அப்ப மிச்சம் முந்நூத்தித் தொண்ணூறு பக்கமும் இப்படித்தானா?" என்று கேட்க, சிரிப்பு கிளம்பியது.

டெனீஸுக்கு வந்த சந்தோஷத்தில் நாக்கு நிற்கவில்லை. "தபாலை வீடு மாத்திப் போட்ட பழக்கத்துல கோர்ட்டையும் மாத்திப் போட்டுட்டீங்களா சார்?"

கூட்டமே விழுந்து விழுந்து சிரித்தது. டெக்கரும் லேசாகச் சிரித்தார். தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அந்த வாரமே நூலகத்தில் அவர் புத்தகத்தை முன் அலமாரியிலிருந்து எடுத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் வருடா வருடம் அவரைப் பேசக் கூப்பிடுகிறவர்கள், இந்த வருடம் கூப்பிடவில்லை.

கடன் வந்தது. வீடும் வந்தது.

ஆறாவது வாரம் டெனீஸ் கூடத்துச் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். மற்ற இடத்திலெல்லாம் அப்பளம் மாதிரி உரிந்த பெயின்ட், கணப்புக்குப் பக்கத்துப் பலகையில் மட்டும் லேசில் வரவில்லை. அழுத்திச் சுரண்டினாள். பட்டி வைத்து அடைத்திருந்தது பொலபொலவென்று உதிர்ந்தது. அடியில் எழுத்து. யாரோ கத்தியால் செதுக்கிய பெயர்கள், ஒன்றன் கீழ் ஒன்றாகப் பன்னிரண்டு. மேலே, 'முதல் கோர்ட், ஜூரிகள், 1821.'

மூன்றாவது பெயர், எஸ்ரா டெக்கர்.

ஊரே சேர்ந்து கேலி பண்ணின மனுஷன் சொன்னது சத்தியம். கூட்டத்தையே விழுந்து விழுந்து சிரிக்க வைத்தவள் அவள். போனில் படம் எடுத்துக்கொண்டு, பெயின்ட் அப்பின உடுப்போடு டெக்கர் வீட்டுக்கு ஓடினாள்.

"சார், நீங்க எழுதினதுதான் சரி! இங்க பாருங்க, உங்க பாட்டன் முப்பாட்டன் பேருகூட இருக்கு!"

டெக்கர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை வெகுநேரம் பார்த்தார். மூன்றாவது பெயரை விரலால் தொட்டார்.

"இப்பவே போய்க் குழுவுல காட்டுறேன் சார். ஊரே உங்களைப் பொய்யன்னு பேசுது."

"பொய் சொன்னவனைப் பொய்யன்னு சொல்றதுல என்னம்மா தப்பு?"

டெனீஸுக்குப் புரியவில்லை.

"கடன் ஆபீஸ் இன்ஸ்பெக்டர் எப்ப வர்றாரு?" என்று கேட்டார்.

"வெள்ளிக்கிழமை."

டெக்கர் உள்ளே போனார். கொல்லைப் பக்கம் எதையோ உருட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர் கையில் மூடி இறுகிப்போன ஒரு பெயின்ட் டின்னும், வெள்ளை காய்ந்த தூரிகையும் இருந்தன.

"பாதி டின் மிச்சம் வச்சிருக்கேன். போன தடவை ரெண்டு கோட்டிங்தான் ஆச்சு."