பனிக்குக் கல்யாணம்

உச்சிமலைப் பனி கரைந்து பாறை தெரிகிறது. ஓடை வற்றி, பார்லி வயல் வெடித்துக் கிடக்கிறது. இதற்கு அந்த ஊரில் ஒரே வழிதான். தூரத்து மலைகளிலிருந்து ஓர் ஆண் பனிக்கட்டியும் ஒரு பெண் பனிக்கட்டியும் கொண்டுவந்து, வெயில் படாத குகையில் சேர்த்து வைப்பார்கள். அவை குடும்பம் நடத்திப் பெருகுமாம். சுமப்பவர்கள் வழியில் பேசக் கூடாது, கூடையை இறக்கவும் கூடாது.

இந்த வருஷம் சுமந்தது ரிக்ஸினும் அவன் மனைவி யாங்ஸோமும்; அவன் கூடையில் ஆண் கட்டி, அவள் கூடையில் பெண் கட்டி. வீட்டில் ஓயாமல் சண்டை போடுகிறவர்கள். முன்னால் ஏறிய அவள் கூடையிலிருந்து நீர் சொட்டுவதைப் பார்த்ததும், அவன் தன் கூடையைப் போர்த்தியிருந்த கம்பளியை உருவி அவள் கூடைமேல் போட்டான். அவள் திரும்பி முறைத்தாள். வாய் திறக்க முடியாதே.

குகையில் கூடைகளை இறக்கினார்கள். அவளுடைய கட்டி பூசணிக்காய் அளவு இருந்தது. அவனுடையது கைக்குள் அடங்கும்படி கரைந்திருந்தது.

"இது போதுமா?" என்றான்.

அவள் அதை எடுத்துப் பெரியதோடு ஒட்டி வைத்தாள். கம்பளியால் இரண்டையும் சேர்த்துப் போர்த்தினாள்.

"போதும், போதும். நம்ம கல்யாணத்தன்னிக்கு நீங்களும் இப்படி நோஞ்சானாத்தானே வந்து நின்னீங்க."