அம்மாவின் முன்பல்

“ரெண்டு பேரும் கேட்டுக்கோங்க. என் கை ஒரு மயிரிழை விலகினாலும் வேர்ல ஓட்டை விழுந்துடும். அப்புறம் பல்லைப் பிடுங்க வேண்டியதுதான்.”

சொன்ன பல் டாக்டர், நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருந்தவளின் சொந்த மகள். பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட் மாட்டியாயிற்று. அம்மா வாயிலிருந்து இனி ‘ம்ம்’ தவிர எதுவும் வராது. மூலை ஸ்டூலில் அப்பா.

“எப்பவோ பலமா அடிபட்டிருக்கு. அதான் உள்ளே சுண்ணாம்பு மாதிரி படிஞ்சு வேர்க்குழாயே அடைஞ்சு கிடக்கு. யார் பண்ணின வேலைப்பா இது?”

அப்பா தலையைச் சொறிந்தார். “நான்தாம்மா. கட்டிலை நகர்த்துறப்போ முழங்கையால இடிச்சுட்டேன். முப்பது வருஷம் இருக்கும்.”

“ம்ம்! ம்ம்ம்!” அம்மா கையை ஆட்டினாள்.

“அசையாதம்மா! உடனே டாக்டர்கிட்ட காட்டினீங்களாப்பா?”

“இல்ல... அப்படியே விட்டுட்டேன்.”

“நல்லா இருக்கு! பல்லு மஞ்சளாகி, அம்மா சிரிக்கிறப்போ எல்லாம் வாயைப் பொத்திக்கிட்டாங்களே, அப்பவாவது தோணுச்சா?”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்தில் நின்ற நர்ஸ் கூட அவரை ஒரு முறை முறைத்தாள்.

மகள் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். தலைமுடி கனத்தில் ஒரு கம்பி. அடைபட்ட குழாயின் வாயைத் தேடினாள், சுரண்டினாள், மறுபடி தேடினாள். ஓயும்போதெல்லாம் அப்பாவுக்கு ஒரு திட்டு. ஒன்றரை மணி நேரம் கழித்துக் கம்பி வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கியது.

“கிடைச்சுடுச்சு! பல்லு பிழைச்சுதும்மா!”

மிச்ச வேலையும் முடிந்து ரப்பர் ஷீட்டைக் கழற்றியதுதான் தாமதம், மரத்துப்போன உதட்டோடு அம்மா பொரிந்தாள்.

“இந்த மனுஷன் புளுகுறாருடி! ரெண்டு வயசுல நீதான் என் மடியில துள்ளி நடுமண்டையால முட்டினே. உன் மண்டைக்கு என்னாச்சோன்னு உன்னைத் தூக்கிட்டு டாக்டர்கிட்ட ஓடினோம். என் பல்லை ரெண்டு பேருமே மறந்துட்டோம்!”

மகளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “ஏம்ப்பா... இவ்வளவு திட்டையும் வாங்கிக்கிட்டு ஏன் உக்காந்திருந்தீங்க?”

அப்பா சிரித்தபடி எழுந்தார்.

“மயிரிழை விலகக் கூடாதுன்னு நீதானே சொன்னே? என்னைத் திட்டினா உன் கை நடுங்காது. உன்னாலதான்னு தெரிஞ்சிருந்தா நடுங்கியிருக்கும்மா.”