ஆற்றை ஒட்டிய இடம்

"இதுக்கும் ஒரு குறை சொன்னேன்னு வை, வண்டிய நேரா வீட்டுக்கு, லூப்லியானாவுக்கே திருப்பிடுவேன், நாத்யா," என்றான் காஷ்பர்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் சாவியை இன்னும் கையிலேயே வைத்திருந்தான்.

காலையிலிருந்து நாங்கள் பார்க்கும் மூன்றாவது கேம்ப் இது. முதலாவதில் கூடாரம் போடும் இடத்துக்கு மேலே ஒரு பட்ட மரம் நின்றது. காற்றடித்தால் கிளை விழும் என்றேன். இரண்டாவது, சாலை வளைவில். எந்த லாரிக்காவது பிரேக் பிடிக்காமல் போனால் நேரே நம் தலைமாட்டுக்குத்தான் வரும் என்றேன். இரண்டு முறையும் காஷ்பர் திரும்பிப் போய் வண்டியில் உட்கார்ந்தான்.

"அம்மாவுக்கு சந்திரன்லதான் இடம் பாக்கணும்," என்றாள் பின்சீட்டிலிருந்து ஸார்யா. ஒன்பது வயதில் அந்த வாய். நாலு வயது லெனார்ட் அதை நம்பி, சந்திரனுக்கே போகலாம் என்று அழ ஆரம்பித்தான்.

நான் பயந்தாங்கொள்ளிதான். இதில் மறைக்க என்ன இருக்கிறது? வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பவள்.

இந்த இடம் ஆற்றை ஒட்டியே இருந்தது. வெள்ளைக் கூழாங்கல் கரை, பச்சைத் தண்ணீர், நடுவில் கல்லும் மணலுமாக ஒரு சின்னத் திட்டு. கணுக்கால் அளவு நீரில் நடந்தே அங்கே போய்விடலாம். நுழைவாயிலில் மஞ்சள் பலகை ஒன்று இருந்தது. மேலே அணையைத் திறந்தால் நீர் திடீரென உயரும், சைரன் ஒலித்தால் உடனே மேட்டுக்குச் செல்லவும்.

நான் பலகையைப் படிப்பதை காஷ்பர் பார்த்தான். சாவியை ஒரு குலுக்குக் குலுக்கினான்.

மேட்டில், கழிப்பறைக்குப் பக்கத்தில், ஓர் இடம் காலியாக இருந்தது. வாயைத் திறந்தேன். பிள்ளைகள் இரண்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

"நல்லாத்தான் இருக்கு," என்றேன். இந்த விடுமுறை முடியும்வரை பயம் என்ற சொல்லே என் வாயிலிருந்து வராது என்றும் சத்தியம் செய்து கொடுத்தேன்.

கூடாரம் எழுந்தது. காஷ்பர் லெனார்ட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு திட்டுக்குப் போனான். இருவரும் கல் அடுக்கிக் கோட்டை கட்டினார்கள். நான் தொத்திறைச்சியை வாட்டினேன். ஸார்யா என் பக்கத்தில் குப்புறப் படுத்துப் படக்கதை படித்தாள். எனக்கே ஆச்சரியம், எனக்குப் பசித்தது.

அப்போதுதான் சைரன் ஒலித்தது.

என்னைக் கேட்காமலே என் கால்கள் எழுந்து நின்றுவிட்டன.

திட்டிலிருந்து காஷ்பர் இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக் கத்தினான்.

"முதல் சனிக்கிழமை, நாத்யா. சோதனை. உக்காரு."

ஆமாம். மாதத்தின் முதல் சனிக்கிழமை, நண்பகல் பன்னிரண்டு மணி. நாடு முழுக்க எல்லா சைரனையும் ஒரு தடவை ஒலிக்கவிட்டுச் சரிபார்ப்பார்கள். பள்ளிக்கூட நாளிலிருந்து கேட்டுக் கேட்டு, இப்போது அது எங்கள் யார் காதிலும் விழுவதுகூட இல்லை. நான் உட்கார்ந்தேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

பக்கத்துக் கூடாரத்து டச்சுக்காரர்களுக்கு இது எங்கே தெரியும்? அந்த அம்மா ஈர நீச்சலுடையோடு கைக்குழந்தையை வாரி எடுத்தாள். புருஷன் மற்ற இரண்டு பிள்ளைகளையும் கைக்கொன்றாக இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறினான். அடுப்பில் முட்டை அப்படியே கிடந்தது. ஒற்றைச் செருப்பு பாதையில் கிடந்தது.

கேம்ப் முழுக்கச் சிரித்தது. எங்கள் நாட்டு மரிபோர் ஊர்க்காரர் ஒருவர் எழுந்து போய் அவர்களுடைய அடுப்பை அணைத்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பன்னெண்டாக இன்னும் நாலு நிமிஷம் இருக்கு. அடிக்கிறவனுக்குப் பசி போல," என்றார்.

நானும் சிரித்தேன். என்னைவிடப் பயந்த மனிதர்களைப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று. வயிறு குலுங்கச் சிரித்தேன், கண்ணில் நீர் வந்தது. இது அடங்கியதும் காஷ்பரிடம் சொல்ல வேண்டும், இனி எல்லா வருஷமும் ஆற்றோரம்தான் என்று.

ஸார்யா புத்தகத்தைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. பக்கத்தைத் திருப்பியபடி சொன்னாள்.

"போன சனிக்கிழமையும் அடிச்சுதேம்மா. நாம லெனார்ட்டுக்கு ஷூ வாங்கினப்போ. கடைக்காரி காதப் பொத்திக்கிட்டா."

ஷூ வாங்கியது சம்பளம் வந்த மறுநாள். ஆகஸ்ட் ஒன்று.

இன்று எட்டு.

நான் ஓடினேன். கரையோரத்துக் கற்கள் காலடியில் உருண்டன. தண்ணீர் கணுக்காலில் இல்லை, முழங்காலில் இருந்தது. அது கலங்கிக் காப்பி நிறத்தில் இருந்தது. காஷ்பரையும் லெனார்ட்டையும் பெயர் சொல்லிக் கத்தினேன். சைரனின் ஓலத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

காஷ்பர் என்னைப் பார்த்தான். தலையை ஆட்டிச் சிரித்தான். உட்கார், உட்கார் என்று கையால் சைகை காட்டிவிட்டு, குனிந்து லெனார்ட்டுக்கு இன்னொரு கல்லை எடுத்துக் கொடுத்தான்.