பூட்டு சார்

"விஷயம் தெரியுமா? பூட்டு மாட்டிக்கிச்சு!"

தேர்வுப் பிரிவுக்குள் மூச்சிரைக்க வந்த டைப்பிஸ்ட் அக்காவின் முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

பூட்டு என்றால் கல்லூரியின் சர்வரைப் பார்த்துக்கொள்கிறவர். எந்த ஃபோல்டரைத் திறக்கப் போனாலும் 'அனுமதி இல்லை' என்று முகத்தில் அடித்தாற்போல வரும். நேரில் போய்க் கேட்டால், "எழுதிக் கொடுங்க, பார்க்கலாம்" என்பார். பிறகு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

"என்னக்கா ஆச்சு?" வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத ஆபரேட்டர் நாற்காலியைத் திருப்பினாள்.

"வினாத்தாள் மொத்தமும் லேப்ல பசங்க பார்க்கிற மாதிரி திறந்து கிடந்திருக்கு. நல்லவேளை, ஒரு பொண்ணு பார்த்துட்டு நேரா பிரின்சிபால்கிட்ட சொல்லிடுச்சு. யார் திறந்து விட்டதுன்னு அவர் குதிக்கிறாரு. 'அந்த ஃபோல்டரோட சொந்தக்காரர்தான் சார் செஞ்சிருக்கணும், பேரைப் பாருங்க'ன்னு பூட்டே கமாண்ட் போட்டுக் காட்டுறாரு. பார்த்தா, இவரு பேரு!"

ஆபரேட்டர் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நல்லா வேணும்! அச்சுப் பிரிவுக்கு ஒரே ஒரு ஃபோல்டரைத் திறந்து விடுங்கன்னு நேத்து நாலு தடவை நடந்தேன். நாளைக்குன்னுட்டாரு. கடைசியில நானே கமாண்டைத் தேடிப் புடிச்சுப் போட்டுக்கிட்டேன்."

"இப்ப மெமோ குடுத்தாச்சு. இந்த வருஷப் பதவி உயர்வும் போச்சு. புது ஆளா இருந்தா இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்னாராம் பிரின்சிபால்."

ஆபரேட்டர் சிரிப்பை நிறுத்தினாள். அடுத்த வாரம்தான் அவளுக்கு வேலை நிரந்தரமாகிறது. வீட்டில் வேலைக்குப் போவது அவள் ஒருத்திதான்.

அக்கா போனதும் அச்சுப் பிரிவிலிருந்து போன். இன்னொரு ஃபோல்டரும் வேண்டுமாம். நேற்றைய கமாண்டை எடுக்க மேல் அம்புக் குறியைத் தட்டினாள்.

chmod -R 777 .

எல்லாருக்கும் எல்லா அனுமதியும். கடைசியில் இருந்த அந்தப் புள்ளிக்கு, நிற்கிற இடத்தில் உள்ள அத்தனையும் என்று அர்த்தம்.

சரி, எங்கே நின்றாள்? இன்னொரு தடவை தட்டினாள்.

cd ..

அச்சு ஃபோல்டரிலிருந்து ஒரு படி மேலே ஏறியிருக்கிறாள். அதைச் சுத்தமாக மறந்துபோனாள். மேலே இருந்தது வினாத்தாள் ஃபோல்டர்.

அதன் விவரத்தை எடுத்துப் பார்த்தாள். சொந்தக்காரர் இடத்தில் பூட்டின் பெயர்தான் இருந்தது. ஆனால் போன மாதம் அந்த ஃபோல்டரை உருவாக்கியது அவள். நேற்று மாலை வரை அங்கே இருந்தது அவள் பெயர். அதை மாற்ற சர்வரைப் பார்த்துக்கொள்கிற அவர் ஒருவரால்தான் முடியும்.

இவரைப் பார்த்தா சிரித்தோம்? வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன. எழுந்து பிரின்சிபால் அறையை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

வாசலில், மெமோவை நாலாய் மடித்துச் சட்டைப் பையில் வைத்தபடி எதிரே வந்தார் அவர்.

"எங்கம்மா இவ்வளவு வேகமா?"

"நான்தான் சார்... உள்ள போய் சொல்லிடுறேன்."

"நேத்து நீங்க முதல் தடவை கேட்டப்பவே நான் செஞ்சு குடுத்திருக்கணும். போய் வேலையைப் பாருங்க."

"இல்ல சார், நான் சொல்லியே ஆகணும்."

பூட்டு சார் கதவுக்குக் குறுக்கே வந்து நின்றுகொண்டார்.

"அனுமதி இல்லை."